கால்கள் வளர்த்த கலை

 

கழுகுமலை முருகனுக்குக் காவடி சுமந்து சென்றோர் வழிநடைக் களைப்புத் தெரியாமல் பாடுவதற்காக, 19ஆம் நூற்றாண்டில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து இயற்றினார். அடியார்களின் நடையே அச்சந்தத்திற்கு வித்தாயிற்று.

அந்நடை கடல் கடந்து நம் கோல சிலாங்கூர் வட்டாரத்திற்கும் வந்தது. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாகிய தென்னமரம் தோட்டம் 1917இல் உருவானது இங்கேதான். பகலெல்லாம் பால்மரம் சீவியும் செம்பனைக் குலை சுமந்தும் ஓய்ந்த கால்கள், திருவிழாவில் உறுமி முழங்கியதும் துள்ளி எழுந்தன. காவடி எடுப்பவர் ஒருவர். மேளம் கொட்டுவோர், சிந்து பாடுவோர், உடன் நடப்போர் பலர். பல ஊர்களிலிருந்து வந்து ஒரே லயத்தில் குடியிருந்தோரை அந்த ஆட்டம் உறவினராக்கியது.

இன்று தோட்டங்கள் பல மறைந்து, நம் குடும்பங்கள் வீடமைப்புப் பகுதிகளில் சிதறி வாழ்கின்றன. திருவிழாவுக்கு வரும் பிள்ளைகள் ஓரமாக நின்று கைப்பேசியில் படம் பிடித்துத் திரும்பினால், இக்கலை நம் தலைமுறையோடு நின்றுவிடும். ஆகவே பெற்றோர்களே, அவர்களைக் கும்மி, கோலாட்ட வட்டத்திற்குள் அனுப்புங்கள். தாளம் தவறினாலும் தடுக்காதீர்கள். ஆட ஆடத்தான் அடி அமையும்.

திருவருள் துணை நிற்பதாக!