மறுப்புக் கண்டு மனம் தளரேல்

(கல்விச் சங்க வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி என்று பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். நான் நன்கறிந்த பொருள் அதுவன்று. வேலைக்காக அலைந்த நான்கு ஆண்டுகளில் பதினேழு இடங்களில் நான் மறுக்கப்பட்டவன். ஆகவே மறுக்கப்படுவது எப்படி, மறுக்கப்பட்ட பின் மறுநாள் காலை எழுந்து நிற்பது எப்படி என்பது பற்றியே பேச விரும்புகிறேன்.

அதற்குக் காரணமும் உண்டு. இச்சங்கத்தின் மாலை வகுப்பில் படித்துப் பட்டம் பெற்ற தம்பி ஒருவர், இரண்டு தேர்வுகளில் தேறாமலும் ஒரு நேர்முகத்தில் தள்ளப்பட்டும், மூன்று மாதங்களாக நூலகத்திற்கு வருவதில்லை என்று கேள்வியுற்றேன். பால் வாங்கப் போனாலும் பொழுது விடியுமுன் போய்த் திரும்பிவிடுகிறாராம். எதிரே வருபவர் "வேலை கிடைத்ததா?" என்று கேட்டுவிடுவாரோ என்ற அச்சமே காரணம். அவர் இம்மண்டபத்தில் இருக்கிறாரா என்பதை நான் அறியேன். ஆயினும் அவருக்காகவே பேசுகிறேன்.

நம் பிள்ளைகளுக்கு இந்த அச்சம் மற்றவரைவிடப் பன்மடங்கு மிகுதி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையைப் பெற்றோர் இருவர் படிக்க வைக்கின்றனர். நம் பிள்ளையை ஒரு தெருவே படிக்க வைக்கிறது. அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது. அண்ணன் படிப்பை நிறுத்திக்கொள்கிறான். அக்காள் நாற்று நட்ட கூலி தேர்வுக் கட்டணமாகிறது. அதனால் ஒரு மறுப்பு வரும்போது, தெரு முழுவதற்கும் தான் கடன்பட்டுத் திருப்பித் தர இயலாதவன் ஆகிவிட்டதாக அந்தப் பிள்ளை எண்ணிக் குன்றிப் போகிறான்.

அன்பர்களே, மறுப்புகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. அவற்றை மூன்றாகப் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

முதல் வகை, எண்ணிக்கையால் வரும் மறுப்பு. 2024ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்களோ 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இடங்கள் பின்னர் கூட்டப்பட்டன என்றாலும், தொடக்கக் கணக்கின்படி ஓர் இடத்திற்கு முந்நூறு பேருக்கு மேல் போட்டியிட்டனர். அங்கே தேறாதவர் அனைவரும் அறிவிலிகள் என்று எவரேனும் சொல்ல இயலுமா? ஆயிரம் பேர் ஏற வந்த பேருந்தில் ஐம்பது இருக்கைகள் இருந்தன என்பதே அதன் பொருள். அடுத்த பேருந்துக்கு ஆயத்தமாக நிற்பதே அறிவுடைமை.

இரண்டாம் வகை, நம் குறையால் வரும் மறுப்பு. இதை ஒப்புக்கொள்ள நாம் தயங்கலாகாது. எனக்கு முதல் ஐந்து மறுப்புகள் இவ்வகையினவே. ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் பிழையின்றி எழுதத் தெரியாது. கணக்கில் வேகம் இல்லை. நேர்முகத்தில் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் குரல் எழும்பவில்லை. அக்காலத்தில் அரிசி மண்டி ஒன்றில் கணக்கெழுதி வயிறு வளர்த்தேன். பட்டதாரி மூட்டைக் கணக்கு எழுதுவதா என்று சிலர் ஏளனம் செய்தனர். ஆனால் நாள்தோறும் கூட்டியும் பெருக்கியும் பழகிய அந்தக் கைதான் பின்னாளில் எனக்குக் கணக்குத் தாளில் துணை நின்றது. வேலை தேடும் காலத்தில் நேர்மையாகச் செய்யும் எந்த உழைப்பும் இழிவன்று.

குறையைத் திருத்த ஒரு வழி சொல்கிறேன். தேர்வோ நேர்முகமோ முடிந்த அன்றிரவே ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், என்ன சொல்லியிருக்க வேண்டும் என்ற மூன்றும் போதும். ஆறு மாதம் கழித்து அந்த ஏட்டைப் புரட்டினால் அதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார். மதிப்பெண் தெரியவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. தேர்வு எழுதியவர் தம் விடைத்தாளைப் பார்வையிட அச்சட்டத்தின்கீழ் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. பின்வந்த தீர்ப்புகள் சில தேர்வுகளுக்கு வரம்பு விதித்துள்ளன என்றாலும், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் கட்டணமின்றிப் பயிற்சி கிடைக்கிறது. அங்கே நம் பிள்ளைகள் முன்வரிசையில் அமர வேண்டும்.

மூன்றாம் வகை, பிறப்பைப் பார்த்துத் தரப்படும் மறுப்பு. தனியார் நிறுவனம் ஒன்றின் நேர்முகத்தில் பாடத்தைப் பற்றி என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். மூன்றுக்கும் சரியாகவே விடை சொன்னேன். நடுவில் இருந்தவர் முகமலர்ச்சியோடு, "ஊரில் எந்தத் தெரு?" என்றார். காலனித் தெரு என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

அன்றிரவு என் பதிலில் என்ன பிழை என்று விடியும்வரை தேடினேன். அதுதான் நான் செய்த தவறு. அவர்களுடைய குற்றத்தை என் குறையாக்கி என்னையே வருத்திக்கொண்டேன்.

இது என் மனப்பிரமையா? ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பாருங்கள். சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் என்னும் அறிஞர் இருவர் நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினர். 66 வாரங்களில் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அதன் முடிவு 2007இல் வெளியாயிற்று. தலித் பெயர் தாங்கிய விண்ணப்பத்திற்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயர் தாங்கியதற்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. இசுலாமியப் பெயருக்கோ அதனினும் குறைவு. தமிழ்நாட்டில் நாம் பெயரின் பின்னே சாதிப் பெயர் இடுவதில்லை. ஆனால் தெருப் பெயரும் தந்தையின் தொழிலும் அவ்வேலையைச் செய்துவிடுகின்றன.

இந்த ஆய்விலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் மற்றொன்றும் உண்டு. உண்மையை வெளிப்படுத்த அவ்வறிஞர்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் வேண்டியிருந்தன. ஒருவருக்கு வரும் ஒரு மறுப்பை மட்டும் வைத்து அது எண்ணிக்கையால் வந்ததா, குறையால் வந்ததா, சாதியால் வந்ததா என்று துணிந்து கூற இயலாது. பலருக்கு வந்தவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால்தான் புலப்படும். வீட்டுக்குள் ஒளித்து வைத்த மறுப்பு உங்களை மட்டுமே அரிக்கும். சங்கத்திற்குக் கொண்டுவந்த மறுப்போ நம் அனைவர்க்கும் சான்றாகும். ஆகவே சங்கம் ஒரு பதிவேடு தொடங்க வேண்டும் என்று இம்மேடையில் வேண்டுகிறேன். யார், எங்கே, எந்தப் பணிக்குப் போனார், என்ன கேட்கப்பட்டது, என்ன ஆயிற்று என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். குறை நம்முடையது என்று தெரிந்தால் அதற்கு வகுப்பு நடத்துவோம். அநீதி என்று தெரிந்தால் அதற்குரிய இடத்தில் முறையிடுவோம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மூன்றாம் வகையை இரண்டாம் வகையாக எண்ணி நொந்துபோவது எவ்வளவு கேடோ, இரண்டாம் வகையை மூன்றாம் வகை என்று சொல்லிப் படிக்காமல் இருப்பதும் அவ்வளவு கேடு.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையோடு அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக் கழகத்திலும், பின்னர் இலண்டனிலும் பயின்று 1917இல் திரும்பினார். பரோடா அரசுப் பணியில் சேர்ந்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பின்னர் பம்பாயில் வணிக ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் பிறப்புத் தெரிந்ததும் வந்தவர்கள் வருவதை நிறுத்தினர். 1918இல் சிடன்காம் கல்லூரியில் பேராசிரியரானார். 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். அங்கே அவர் அளித்த ஆய்வேட்டைத் திருத்தி எழுதுமாறு தேர்வாளர்கள் திருப்பினார்கள். அவர் திருத்தி எழுதி அளித்தார். 1923இல் முனைவர் தகுதி பெற்றார். விடுதியின் மறுப்பு அநீதி என்று அறிந்து வாழ்நாளெல்லாம் அதை எதிர்த்தார். ஆய்வேட்டின் மறுப்புக்கோ அமர்ந்து மறுபடியும் எழுதினார். எதற்குப் போராடுவது, எதற்குப் படிப்பது என்று பகுத்தறிந்த பெருமகன் அவர்.

அண்டை மாநிலமாகிய கேரளத்தில் கே. ஆர். நாராயணன் அவர்கள் 1943இல் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறினார். விரிவுரையாளர் பணி அவருக்குக் கிட்டவில்லை. அவர் அங்கேயே முடங்கிவிடவில்லை. சில காலம் பத்திரிகைப் பணி புரிந்தார். உதவித்தொகை பெற்று இலண்டன் சென்றார். 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். 1997இல் குடியரசுத் தலைவரானார்.

"சலுகையில் வந்தவர்கள்" என்று நம்மைக் குத்திப் பேசுவோர் உண்டு. அச்சொல்லைக் கேட்டுத் தலை குனியாதீர்கள். தமிழ்நாட்டில் நமக்குரிய 18 விழுக்காடு அரசியலமைப்பு வழிவந்த உரிமை. அதற்கப்பால் உள்ள 31 விழுக்காடு பொதுப் போட்டிக்குரியது. பொதுப் போட்டி என்றால் நமக்கும் உரியது. தன் மதிப்பெண்ணாலேயே பொது இடத்தில் தேறுபவரை ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1992இல் மண்டல் வழக்கில் கூறியுள்ளது. ஆகவே 18இல் ஒருவராக வர வேண்டும் என்று எண்ணிப் படிக்காமல், 31இல் ஒருவராக வர வேண்டும் என்று எண்ணிப் படியுங்கள்.

நேர்முகத்தில் "தந்தை என்ன தொழில்?" என்று கேட்டால் கூசாதீர்கள். "என் தந்தை விவசாயக் கூலி, அவர் ஈட்டிய பொருளில் நான் பட்டம் பெற்றேன்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். வீட்டில் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். பழகிய சொல் நடுங்காது.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். "வேலை கிடைத்ததா?" என்று நாள்தோறும் கேட்பதை விடுத்து, "இன்று என்ன படித்தாய்?" என்று கேளுங்கள். மகனுக்கு ஐந்து ஆண்டு பொறுக்கும் வீடு, மகளுக்கு ஒரு மறுப்பு வந்ததுமே மாப்பிள்ளை தேடுகிறது. இது நம் கையாலேயே நாம் செய்யும் நான்காம் வகை மறுப்பு. மகளுக்கும் அதே ஐந்து ஆண்டைத் தாருங்கள்.

நிறைவாக, என் பதினேழு மறுப்புகளில் ஒன்று மறுப்பே அன்று. அக்காலத்தில் அஞ்சல்காரர் எங்கள் தெருவுக்கு வரமாட்டார். ஊர்த்தெருத் தேநீர்க் கடையில் கடிதங்களைப் போட்டுவிடுவார். அழைப்புக் கடிதம் ஒன்று அங்கேயே கிடந்து, நேர்முகம் முடிந்த இரண்டாம் நாள் என் கைக்கு வந்தது. அழைக்கவே இல்லை என்று அதுவரை எண்ணி நொந்துகொண்டிருந்தேன். செய்தியறிந்த என் பள்ளி ஆசிரியர் ஒருவர், "இனிமேல் என் பள்ளி முகவரியைப் போடு" என்றார். பதினெட்டாம் கடிதம் அம்முகவரிக்கு உரிய நாளில் வந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவரே இரண்டு கல் தொலைவு நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த வேலையில்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றேன்.

நான் விடாமல் எழுதினேன் என்பது உண்மை. ஆனால் முகவரி தந்தவர் ஒருவர் இருந்தார் என்பதும் உண்மை. இச்சங்கம் நம் பிள்ளைகளுக்கு அத்தகைய முகவரியாக இருபத்தைந்து ஆண்டுகள் விளங்கியிருக்கிறது, இனியும் விளங்கட்டும்.

பொழுது விடியுமுன் பால் வாங்கச் செல்லும் தம்பிக்கு நான் சொல்வது இதுதான்: நாளை மாலை நூலகத்திற்கு வாரும். உமக்கு வந்த மறுப்பையும் உடன் கொண்டு வாரும். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.