ஒரு சிறு நகரமும் அதன் அருங்காட்சியகமும்

(மாணவர்களும் பயிற்சி அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



மேற்கு வங்காளத்தில் பாங்குரா மாவட்டத்தைச் சேர்ந்த விஷ்ணுபூர், மல்ல மன்னர்களின் தலைநகராக விளங்கிய சிறு நகரம். கட்டடத்திற்கேற்ற நல்ல கல் அரிதான வட்டாரமாதலால், அங்குச் செங்கல்லாலும் செம்பூராங்கல்லாலும் கோவில்களை எழுப்பினர். 1643-இல் கட்டப்பெற்ற சியாம ராய் கோவிலில் சுடுமண் சிற்பம் இல்லாத இடத்தைத் தேடித்தான் காணவேண்டும். கோவில்களைக் கண்டு வியந்து, அவ்வூர் அருங்காட்சியகத்தில் கால் வைக்காமலே திரும்புவோர் உண்டு. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்த அருங்காட்சியகத்தைப் பற்றியே.

அதன் கதையை ஒரு மாட்டுத் தொழுவத்திலிருந்து தொடங்குதல் பொருந்தும். 1909-இல் வசந்த ரஞ்சன் ராய் என்னும் அறிஞர், விஷ்ணுபூருக்கு அருகிலுள்ள காக்கில்யா என்னும் சிற்றூரில் ஒரு வீட்டின் தொழுவத்தில் கேட்பாரற்றுக் கிடந்த கையெழுத்துச் சுவடி ஒன்றைக் கண்டெடுத்தார். முதலேடும் இறுதி ஏடுகளும் இல்லை; ஆதலால் நூலின் பெயரும் தெரியவில்லை. 1916-இல் வங்கீய சாகித்திய பரிஷத்து அதனை அச்சிட்டபொழுது, பதிப்பாசிரியர் இட்ட பெயரே ‘ஸ்ரீகிருஷ்ண கீர்த்தனம்’ என்பது. பழைய வங்க மொழியின் வளர்ச்சியை ஆராய்வோர்க்கு இன்று இன்றியமையாத நூல் அது.

அச்சுவடியினுள் ஒரு துண்டுத் தாள் இருந்தது. 95-ஆம் ஏடு முதல் 110-ஆம் ஏடு வரை, ஆக 16 ஏடுகளை ஒருவர் மன்னரிடம் காட்ட எடுத்துச் சென்றார், திரும்பக் கொணர்வார் என்று 1089 என ஆண்டு குறித்து எழுதிய சீட்டு. சுவடி ஒரு காலத்தில் விஷ்ணுபூர் அரசரின் நூலகத்தில் இருந்திருக்கலாம் என்று அறிஞர் கருத இடமளித்தது இச்சீட்டே. குப்பையென வீசியிருக்கத் தக்க ஒரு தாள்!

ஆயினும் சுவடி கல்கத்தா சென்றது. அன்று விஷ்ணுபூரில் அதனை ஏற்றுக் காக்க ஓர் அமைப்பு இல்லை. 1951-இல்தான் அதே பரிஷத்தின் விஷ்ணுபூர்க் கிளையினர் ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கினர். யோகேஷ் சந்திர ராயின் (1859–1956) பெயரை அது தாங்கியுள்ளது. அவர் கட்டக்கில் அறிவியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். வங்க மொழிக்கு அகராதி தொகுத்தவர். ஒடிசாவின் வானியல் மேதை சாமந்த சந்திரசேகரரின் ‘சித்தாந்த தர்ப்பணம்’ 1899-இல் அச்சேறக் காரணமானவரும் அவரே.

கற்கருவிகள், கற்சிற்பங்கள், சுவடிகள், துவாரகேசுவர ஆற்றங்கரையில் உள்ள திஹரில் கிடைத்த பழம்பொருள்கள் எனத் தொகுப்பு வளர்ந்தது. பெருநகர அருங்காட்சியகத்தில் இவை நூறு பொருள்களுள் ஒன்றாக நின்றுவிடும். இங்கோ பானை ஓட்டைக் கண்ட மாணவன், அது கிடைத்த மேட்டைச் சில கல் தொலைவில் நேரில் காணலாம். இந்த நன்மை கட்டடத்தால் வருவதன்று. எப்பொருள், எவ்வூரில், எந்நிலத்தில், யாரால் கிடைத்தது என்னும் பதிவேட்டால் வருவது.

வேறொரு நகரில் நான் கண்டது நினைவிற்கு வருகிறது. அழகிய விஷ்ணு சிலை; கீழே ‘குளம் தூர் வாரியபொழுது கிடைத்தது’ என்ற வரி மட்டும். எந்தக் குளம் என்று கேட்டேன். சங்கத்தின் பழைய செயலாளருக்குத் தெரியும் என்றனர். அவர் மறைந்து ஆண்டுகள் பலவாகியிருந்தன. சிலை பிழைத்தது, அதன் ஊர் தொலைந்தது.

அலுவலர்களாகப் போகும் உங்களுக்குச் சட்டம் சில கடமைகளை வைத்துள்ளது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருள்களையும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த, மதிப்பு வாய்ந்த சுவடிகளையும் தொல்பொருள் எனக் கொள்கிறது. உழவர் ஒருவர் சிலையுடன் அலுவலகத்திற்கு வரும்பொழுது, அவரைக் குற்றவாளியைப் போல் நிற்கவைத்தால் அடுத்த சிலை உங்களிடம் வாராது, தரகரிடம் போகும்.

இத்தகைய சங்கங்கள் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவரின் ஆர்வத்தால் நடப்பவை. அவர்க்குப் பின் யார் என்னும் வினாவைச் சங்கத்தார் கேட்கத் தயங்குவர். மானியக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்பொழுது அவ்வினாவை நீங்கள் கேட்கலாம். கண்ணாடிப் பேழைகளுக்குப் பணம் ஒதுக்குமுன் பதிவேட்டைக் கொணரச் சொல்லுங்கள். அது ஒரே படியாக, ஒருவர் கையெழுத்தில் மட்டும் இருக்குமாயின், முதல் தொகை அதனைப் படியெடுப்பதற்கே செல்லட்டும்.