மூன்றாம் நாளுக்கு முன்னால்



கல்லீரல் செயலிழந்த நோயாளிக்கு ரத்தச் சுத்திகரிப்பு என்னும் பொருளைப் பற்றிப் பேச நாம் திண்டுக்கல்லில் கூடியிருப்பதை முக்கியமானதாகக் கருதுகிறேன். இதைப் பெருநகரங்களின் பொருளாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் நோயாளி புறப்படுவது இந்தச் சமவெளியிலிருந்துதான். ஒட்டன்சத்திரம் பக்கம் சின்ன வெங்காயப் பட்டறை போட்ட வீட்டிலும், வேடசந்தூர் பக்கம் நிலக்கடலை மூட்டை அடுக்கிய வீட்டிலும் எலித் தொல்லை உண்டு. எலிக்கென்று வாங்கி வைத்த பேஸ்ட், மனம் உடைந்த ஒரு நொடியில் கைக்கெட்டும் இடத்தில் இருந்துவிடுகிறது. மேலை நாடுகள் பலவற்றில் திடீர்க் கல்லீரல் செயலிழப்பு என்றதும் பாராசிட்டமால் மாத்திரை நினைவுக்கு வரும். தமிழ்நாட்டு மருத்துவருக்கு நினைவுக்கு வருவது மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். இந்த நோயாளிக்குப் பிளாஸ்மா மாற்று சிகிச்சை எங்கே தொடங்க வேண்டும் என்பதே என் கேள்வி. அவர் முதலில் வந்து சேரும் மாவட்ட மருத்துவமனையிலேயே தொடங்க வேண்டும், தொடங்கவும் முடியும் என்பது என் வாதம்.

இந்த நஞ்சின் போக்கே இவ்வாதத்துக்கு முதல் சான்று. முதல் நாள் வாந்தியும் வயிற்றெரிச்சலும் இருக்கும். பிறகு அடங்கிவிடும். அடுத்த ஒன்றிரண்டு நாள் நோயாளி எழுந்து நடப்பார், இட்லி சாப்பிடுவார், வீட்டுக்குப் போக வேண்டும் என்பார். உறவினர்களும் கண்டம் கழிந்தது என்று நம்பிக் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போவார்கள். மூன்றாம் நாளுக்கு மேல் கண் மஞ்சளாகும், ரத்த உறைதலைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறும், நினைவு தடுமாறும். அப்போதும் சில வீடுகளில் சாதாரண மஞ்சள் காமாலை என்று எண்ணிக் கீழாநெல்லி தேடிப் போகிறார்கள். இந்த நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. ஆகவே அந்த அமைதியான இரண்டு நாட்களே நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். அதை ஆம்புலன்ஸ் பயணத்திலும், படுக்கை கேட்டு அடிக்கும் போன்களிலும் கரைத்துவிட்டால், நான்காம் நாள் எவ்வளவு உயர்ந்த கருவி கிடைத்தாலும் பயன் குறைவு. மதுரைக்கு இங்கிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல், சென்னைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். மூளை வீக்கம் தொடங்கிய நோயாளிக்கு அந்தச் சாலையே ஓர் ஆபத்து.

சிகிச்சை என்ன செய்கிறது என்று பார்ப்போம். சிறுநீரகத்துக்குச் செய்யும் டயாலிசிஸ், நீரில் கரையும் கழிவுகளை நீக்கும். அம்மோனியாவைக் குறைக்கத் தொடர் டயாலிசிஸ் உதவும். ஆனால் கல்லீரல் கழிக்க வேண்டிய பிலிரூபின், பித்த அமிலங்கள் போன்றவை ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்தச் சல்லடை வழியே வெளியேறுவதில்லை. இதற்காகவே ஆல்புமின் டயாலிசிஸ் கருவிகள் வந்தன. அவற்றுள் புகழ்பெற்ற மார்ஸ் கருவியை, பிரான்சில் 102 நோயாளிகளிடம் சோதித்து 2013-ல் வெளியான ஆய்வு, உயிர் காக்கும் பயனை ஐயமற நிறுவவில்லை. பிளாஸ்மா மாற்றத்தின் வழி வேறு. நோயாளியின் பிளாஸ்மாவையே பிரித்தெடுத்துவிட்டு, கொடையாளர்களின் பிளாஸ்மாவை ஏற்றுகிறோம். நச்சும் அழற்சிப் பொருள்களும் வெளியேறுகின்றன, நின்றுபோன கல்லீரல் செய்து தர முடியாத உறைதல் காரணிகள் உள்ளே வருகின்றன. எடுப்பதும் கொடுப்பதும் ஒரே அமர்வில் நடப்பதுதான் இதன் சிறப்பு. கட்டிலருகே நின்றால் கண்ணாலேயே காணலாம்: ஒரு பக்கம் தொங்கும் பை இளமஞ்சள், கீழே நிரம்பும் பை கரைத்த மஞ்சள்தூள் போல அடர்ந்திருக்கும்.

2016-ல் வெளியான ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. கோபன்ஹேகன், லண்டன், ஹெல்சிங்கி மருத்துவமனைகளில் 182 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு மூன்று நாள் உயர் அளவுப் பிளாஸ்மா மாற்றம் செய்தார்கள். அவர்களில் உயிரோடு வீடு திரும்பியவர்கள் 58.7 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 47.8 சதவீதம். ஆனால் அங்கே ஒரு நாளைக்கு மாற்றிய அளவு, உடல் எடையில் 15 சதவீதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 9 லிட்டர். ஒரு பையில் ஏறக்குறைய 200 மில்லி என்று கொண்டால் 45 பை, மூன்று நாளுக்கு 135 பை. எந்த மாவட்ட ரத்த வங்கியும் ஒரு நோயாளிக்காக இதைத் தாங்காது. இங்கேதான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் நமக்கு வழி காட்டினார்கள். ஓர் அமர்வில் பிளாஸ்மாவில் பாதியளவை மட்டும் மாற்றி, குறைந்த அளவு ஸ்டீராய்டும் சேர்க்கும் முறையை அவர்கள் எலி மருந்து நோயாளிகளிடம் கையாண்டு, நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். அதே 60 கிலோ நோயாளிக்கு இது ஏறக்குறைய 1.2 லிட்டர், அதாவது ஆறு பை. 45 என்பதற்கும் ஆறு என்பதற்கும் உள்ள இடைவெளிதான், எட்டாத சிகிச்சைக்கும் எட்டும் சிகிச்சைக்கும் உள்ள இடைவெளி.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. குலுக்கல் ஆய்வு நிறுவியது உயர் அளவைத்தானே, குறைந்த அளவுக்குச் சான்று எங்கே? நியாயமான கேள்வி. அமெரிக்க அஃபெரெசிஸ் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் உயர் அளவு மாற்றத்துக்கே முதல் தரத்தைத் தந்தது, சாதாரண அளவை மூன்றாம் தரத்தில் வைத்தது. டெல்லியின் கல்லீரல், பித்த அறிவியல் நிறுவனம் சாதாரண அளவில் செய்த குலுக்கல் ஆய்வு பயனைக் காட்டியது. ஆயினும் அதில் இருந்தவர்கள் 40 பேர் மட்டுமே. எலி மருந்துக்கான சான்றுகள் பெரும்பாலும் பழைய நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பெற்றவை. இதை மறைத்துப் பேசுவது அறிவியலுக்கு அழகல்ல. ஆனால் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையே இவர்களுக்கு மற்றொரு வழி. கொடையாளரும், பணமும், அறுவைக் குழுவும் சில மணி நேரத்தில் ஒன்றுசேர்வது எத்தனை வீடுகளுக்கு இயலும்? சான்று முழுமை பெறும்வரை கைகட்டி நிற்பதும் ஒரு முடிவுதான், அதன் விளைவும் நம்மைச் சாரும். எனவே சிகிச்சையையும் தருவோம், பிழைத்தவர் இறந்தவர் அனைவரையும் ஒரே பதிவேட்டில் நேர்மையாக எழுதுவோம். இல்லாத சான்றை நாமே உருவாக்க வேண்டும்.

இரண்டாம் மறுப்பு, மாவட்டத்தில் ஆளும் கருவியும் ஏது என்பது. பிளாஸ்மா வடிகட்டியைத் தொடர் டயாலிசிஸ் கருவியில் பொருத்தியும் இதைச் செய்யலாம், ரத்தக் கூறுகளைப் பிரிக்கும் கருவியிலும் செய்யலாம். கருவியைவிட அரியது பயிற்சி. கொடையாளர் பிளாஸ்மாவில் உள்ள சிட்ரேட், நோயாளியின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், பிறகு விரல் நுனி குறுகுறுக்கும். அதைக் கேட்டறிந்து உடனே கால்சியம் கொடுக்கத் தெரிந்த செவிலியர் ஒருவர் இருந்தால் பாதி ஆபத்து விலகிவிடும். நினைவிழந்தவர் சொல்ல மாட்டார். அவருக்கு ரத்தப் பரிசோதனைதான் வாய். தொற்று, ஒவ்வாமை, நுரையீரலில் நீர் ஆகியவற்றையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். 2022-ல் திறக்கப்பட்ட புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று திண்டுக்கல்லில் இருக்கிறது. மாவட்டந்தோறும் மருத்துவக் கல்லூரி என்ற நோக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பணி வேறென்ன?

மூன்றாம் மறுப்பு, வருமுன் காப்பதை விட்டு இதில் ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும் என்பது. வருமுன் காப்பதே மேல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகள் அடுத்தடுத்துத் தடை செய்யப்பட்டபோது, 1995-ல் லட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை விகிதம் 2005-ல் 24 ஆகக் குறைந்தது. தமிழ்நாடு அரசும் 2022-23-ல் மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டுக்குத் தடை விதித்தது. அந்தத் தடை கடைசிப் பெட்டிக்கடை வரை, இணைய விற்பனை வரை செல்ல வேண்டும். ஆனால் ஏற்கெனவே வீட்டுப் பரணில் இருக்கும் பசையால் நாளை வரப்போகும் நோயாளியைத் தடை காப்பாற்றாது. அணை கட்டுகிறவர் வெள்ளத்தில் இருப்பவருக்குக் கை கொடுக்கக் கூடாதா?

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் குடும்பங்கள் உண்மையை மறைப்பதும் அந்த அமைதியான இரண்டு நாட்களைத் தின்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கொள்ளப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. இதை அவசரப் பிரிவின் வாசலிலேயே தமிழில் எழுதி வைப்போம். ரத்தத்தைச் சுத்திகரித்து அனுப்பினால் மட்டும் போதாது. வீடு திரும்பும் முன் மனநல மருத்துவர் ஒருமுறையாவது அருகில் அமர்ந்து பேச வேண்டும்.

இக்கருத்தரங்கின் அமர்வுகளிலிருந்து மூன்று முடிவுகளை எதிர்பார்க்கிறேன்: எலி மருந்து உட்கொண்டு வந்தவரை, நன்றாக இருக்கிறார் என்பதற்காக மூன்று நாளுக்குள் வீட்டுக்கு அனுப்பாத கண்காணிப்பு முறை, எந்த ஐ.என்.ஆர். அளவில் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற பொது வரையறை, தென்மாவட்டங்களுக்கான ஒரே பதிவேடு. ரத்த வங்கியில் உறைநிலையில் ஆறு பை, பயிற்சி பெற்ற ஒரு செவிலியர், நாள் தவறாமல் பார்க்கும் ஒரு மருத்துவர். மூன்றாம் நாளுக்கு முன்னால் இவை நோயாளியின் கட்டிலருகே சேர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.