டிராக்டர் எண்ணெய்க் குழாய்க்கு வெள்ளை டேப் சுற்றலாமா?

(தோட்ட மண்டபத்தில் டிராக்டர் சாரதிமார், பெக்டரி வேலையாட்கள், குடும்பத்தினர் கூடிய பாதுகாப்புக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நலன்புரிக்காரர் என்றால் பிள்ளைக் காம்பரா, தடுப்பூசி, குடிதண்ணீர் இவற்றைப் பற்றித்தானே பேச வேண்டும், டிராக்டர் குழாயைப் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன வந்தது என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மழை பெய்யும் நாளில் டிராக்டர் ஷெட்டுப் பக்கமிருந்து வரும் கானைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தண்ணீருக்கு மேலே வானவில் மாதிரி நிறம் நிறமாக மிதக்கிறது. அந்தக் கான் எங்கே போகிறது? கீழ் லயத்துப் பீலிக்கரைப் பக்கம்தான் போகிறது. எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், ட்ரெயிலரைத் தூக்கும் குழாயின் பிட்டிங்கில் போய் நிற்கிறோம். ஆகவே இது எங்களுடைய வேலையும்தான்.

ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டு இந்தக் கண்டிச் சீமையில், லூல்கந்துரவில், 19 ஏக்கரில் தேயிலை போட்ட காலத்தில் டிராக்டர் என்ற ஒன்றே கிடையாது. சுமையெல்லாம் ஆள் தலையிலும் மாட்டு வண்டியிலும் போனது. இன்றைக்குக் கொழுந்து, விறகு, உரம் எல்லாம் டிராக்டரில்தான் போகிறது. ட்ரெயிலரைத் தூக்கிக் கொட்டுவதும் எண்ணெயின் பலத்தால்தான். டிராக்டரில் உள்ள பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது, அந்த எண்ணெய் ட்ரெயிலருக்கு அடியில் உள்ள ஜாக்கைத் தள்ளுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இனி டேப்புக்கு வருவோம். லயத்துத் தண்ணீர்க் குழாயில் ஒழுக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கடையில் அந்த வெள்ளை டேப் ஒரு சுருள் வாங்கி, புரியில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்குகிறோம். நிற்கிறது. அதே டேப்பைத்தான் தம்பிமார் டிராக்டருக்கும் சுற்றுகிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். மேலே 100 அடி உயரத்தில் தாங்கி இருந்தால், கீழே பைப்பில் தண்ணீர் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 43 இறாத்தல் பலத்தோடு தள்ளும். டிராக்டர் எண்ணெயோ பாரத்தைத் தூக்கும்போது 2,000 இறாத்தலுக்கு மேலும் போகும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் என்றால் சரிப்படுமா?

டேப் அறுந்துவிடும் என்பது மட்டுமல்ல குறை. பிட்டிங்கை முறுக்கும்போது டேப்பின் ஓரம் நூல் நூலாகக் கிழிந்து உள்ளே போகிறது. எண்ணெயோடு ஓடி வால்வில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. பிறகு ட்ரெயிலர் பாதியில் நிற்கும், அல்லது நெம்பை விட்ட பிறகும் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, டேப் வழுக்கும். வழுக்குவதால் எவ்வளவு இறுக்குகிறோம் என்பது கைக்குத் தெரியாது. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று இறுக்கிக் கடைசியில் வார்ப்பிரும்பு உடலே வெடித்துவிடும். டேப் சுருள் மலிவு. பம்ப் மலிவல்ல.

அப்படியானால் எதைப் போடுவது? அதைக் கேட்பதற்கு முன்னால் பிட்டிங்கைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாப் பிட்டிங்கும் புரியில் அடைபடுவதில்லை, இதுதான் பலருக்குத் தெரியாதது. சிலவற்றில் ஹோஸின் நுனி கூம்பு மாதிரி இருக்கும். கூம்பு எதிர்க் கூம்பில் போய் அமர்ந்து எண்ணெயை அடைக்கும். புரியின் வேலை பிடித்து இழுப்பது மட்டுமே. சிலவற்றில் ஓ ரிங் இருக்கும். சிலவற்றில் செம்பு வாஷர், அல்லது உள் ஓரத்தில் ரப்பர் பதித்த இரும்பு வாஷர் இருக்கும். இந்த வகைகளுக்குப் புரியில் ஒன்றுமே பூசக்கூடாது. டேப்பும் வேண்டாம், பசையும் வேண்டாம். ஒழுகினால் கூம்பில் கீறல் இருக்கிறதா, ஓ ரிங் வெடித்திருக்கிறதா என்று பார்த்து அதை மாற்ற வேண்டும். செம்பு வாஷர் ஒரு முறை நசுங்கினால் இறுகிப்போகும், கழற்றினால் புதியது போடுவதுதான் நல்லது.

நுனி ஒடுங்கி அடி பருத்த புரி, அதாவது சாய்வுப் புரி, அதற்குத்தான் அடைப்பு மருந்து வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் நாட்டில் பைப் வேலையெல்லாம் பிரித்தானிய அளவு, பீ.எஸ்.பீ. என்பார்கள். அமெரிக்க அளவு என்.பீ.டி. பிரித்தானியப் புரியின் கோணம் 55 பாகை, அமெரிக்கப் புரி 60 பாகை. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிதான். அதனால் ஒன்றுக்குள் ஒன்று ஏறும், இறுகும், சரியாக இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஒழுகும். அதை எந்த மருந்தாலும் நிறுத்த முடியாது. கடைக்குப் போகும்போது வாயால் சொல்லாமல் பழைய பிட்டிங்கையே கொண்டுபோங்கள்.

மருந்து என்று நாம் சொல்வது, காற்றுப் படாத இடத்தில் இரும்போடு சேர்ந்து இறுகும் திரவப் பசை. இதை 1953இல் அமெரிக்காவில் வேர்னன் கிரீபிள் என்ற பேராசிரியர் செய்தார். லொக்டைட் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது அவருடைய கண்டுபிடிப்பில் பிறந்ததுதான். வேறு கம்பனிகளும் செய்கின்றன. எந்தக் கம்பனி என்பதல்ல, ஹைட்ரோலிக் புரிக்கானது என்று போத்தலில் இருக்கிறதா, திகதி முடிந்துவிட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். போத்தல் முழுதாக நிரம்பியிருக்காது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். உள்ளே காற்று இருந்தால்தான் அது இறுகாமல் இருக்கும்.

போடும் விதம் முக்கியம். இரண்டு புரியையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, பழைய டேப் ஒரு நூல்கூட இல்லாமல் எடுத்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்துக் காயவிட வேண்டும். அழுக்கின் மேல் பூசினால் பிடிக்காது. நுனியில் முதல் புரியை வெறுமனே விட்டுவிட்டு அடுத்த இரண்டு மூன்று புரியில் சுற்றிவரப் பூச வேண்டும். கையால் ஏற்றி, பிறகு ஸ்பெனரால் இறுக்க வேண்டும். இறுக்கிய பின் ஹோஸின் திசை சரியில்லை என்று பின்னுக்குத் திருப்பக் கூடாது. திருப்பினால் கழற்றித் துடைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். போத்தலில் போட்டிருக்கும் நேரம் வரைக்கும் வண்டியை நிறுத்தி வைக்க வேண்டும். கொழுந்து மடுவத்தில் காத்திருக்கிறது என்று அவசரப்பட்டால், அத்தனை வேலையும் வீண். தம்பிமாரை அவசரப்படுத்தாமல் இருப்பது மேலே உள்ளவர்களின் பொறுப்பு என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

சிலிக்கன் பசை, அரல்டைட், சணல் நாரும் பெயின்ட்டும், டீசல் டேங்கிக்குத் தேய்க்கிற சவர்க்காரம், இவையெல்லாம் இங்கே சரிவராது.

இப்போது தாய்மாரும் கேட்க வேண்டிய விஷயம். ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் எண்ணெய் புகை மாதிரிச் சீறும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எங்கே ஒழுகுகிறது என்று கையால் தடவிப் பார்ப்பது நம்மவர் பழக்கம். அந்தப் பலத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் பார்த்தால் முள்ளுக் குத்தின மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். முதலில் வலியும் பெரிதாக இருக்காது. "ஒண்ணுமில்ல, காலையில பாத்துக்கலாம்" என்று படுத்துவிடுவார்கள். உள்ளே எண்ணெய் சதையை அழித்துக்கொண்டே போகும். தாமதித்தால் விரலை, சில வேளை கையையே எடுக்க வேண்டி வரும். மஞ்சள் பூசுவது, உருவிவிடுவது, கட்டுப் போட்டு விடியும் வரை வைத்திருப்பது எதுவும் கூடாது. அந்த நேரமே கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள். அங்கே "முள்ளுக் குத்திட்டுது" என்று சொல்லாமல், "அழுத்தத்தோட எண்ணெய் உள்ள போயிட்டுது, டொக்டர்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சத்திர சிகிச்சை தேவைப்படும் காயம் இது. வீட்டில் ஆண்கள் பிடிவாதம் பிடித்தாலும் அம்மாமார் விடாதீர்கள்.

ஒழுக்கைத் தேட ஒரு மட்டைத் துண்டைத் தூரத்தில் பிடித்தால் போதும், எண்ணெய் அதில் தெரியும். பிட்டிங்கைக் கழற்றுவதற்கு முன் ட்ரெயிலரை முழுதாக இறக்கி, எஞ்சினை நிறுத்தி, நெம்பை மேலும் கீழும் அசைத்து அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். தூக்கி வைத்த ட்ரெயிலருக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் ஒருவரும் போகக் கூடாது. பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் ஷெட்டுப் பக்கம் பந்து விளையாடுகிறார்கள், அதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

பீலியைப் பற்றித்தானே தொடங்கினோம். ஷெட்டுக் கானின் வாயில் மரத்தூள் மூட்டை ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறோம், எண்ணெயை அது கொஞ்சம் பிடிக்கும். ஊறிய மரத்தூளை அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், தேயிலை மலையிலும் கொட்ட வேண்டாம். நாளைக் காலை பெரட்டு முடிந்ததும் சாரதித் தம்பிமார் ஷெட்டுக்கு வாருங்கள். கூம்பு, ஓ ரிங், வாஷர், சாய்வுப் புரி நாலு வகையிலும் பழைய பிட்டிங்குகளை மேசையில் வைத்திருப்போம். அவரவர் வண்டியில் எது இருக்கிறது என்று கையில் எடுத்துப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.