காருக்கு ஈசிஜி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"ஏதாவது டெக்னிக்கலா பேசுடா" என்று மேடை ஏற்றிவிட்டார்கள். கடைசி பெஞ்சுக்காரனுக்கு இது தண்டனைதான். ஆகவே வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்கா வீட்டுக்காரர் ஹைப்ரிட் கார் வைத்திருக்கிறார். பெட்ரோல் எஞ்சினும் உண்டு. மோட்டாரும் பேட்டரியும் உண்டு. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வாங்கி மதுரையில் கொடுப்பது அவர் தொழில். போன சித்திரையில் மைலேஜ் இறங்கிவிட்டது. எஞ்சின் ஓயாமல் ஓடுது, பின்னால் ஒரு ஃபேன் இரையுது. ஒரு பட்டறையில், "பேட்டரி போச்சு, மாத்தணும்" என்று லட்சக்கணக்கில் சொன்னார்கள். கையில் இருந்ததோ அக்கா மகளின் காலேஜ் ஃபீஸ்.

ஊருக்கு வந்த நான் ஓ.பி.டி. மானிட்டரை எடுத்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் ஒன்று இருக்கும். அமெரிக்காவில் 1996லும் நம் நாட்டில் 2013லும் ஓ.பி.டி. 2 கட்டாயமானது. அதில் செருகினால், காரின் கம்ப்யூட்டர் பார்க்கும் எண்களை நாமும் பார்க்கலாம். ஹைப்ரிட் பேட்டரி விவரத்துக்கு மட்டும் அந்தந்த வண்டிக்கான மென்பொருள் வேண்டும்.

"என்ன மாப்ளே, காருக்கு ஈசிஜி எடுக்கிறியா?"

"ஆமா அத்தான். நீங்க ஓட்டுங்க, நான் பார்க்கேன்."

ராஜபாளையத்துக்குக் கிளம்பினோம். சுமார் 11 கி.மீ.தான். கிளம்பியதுமே எஞ்சின் ஓடியது. "பேட்டரிதான் பாதிக்கு மேல இருக்கே, பின்ன ஏன்?" என்றார். கூலண்ட் 31 டிகிரி என்றது மானிட்டர். எஞ்சினும் புகைக்குழாயில் உள்ள கேட்டலிஸ்ட்டும் சூடேறத்தான் அந்த ஓட்டம். பிரேக் மிதித்தால் கரண்ட் மைனஸில் போகும். மோட்டார் ஜெனரேட்டராக மாறிச் சார்ஜ் ஏற்றுகிறது என்று அர்த்தம். டாஷ்போர்டில் கோடுகள் நிறைந்தபோது உள்ளே 76 சதவீதம்தான். ஆயுள் நீடிக்க வேண்டி, பேட்டரியை முழுக்க நிரப்பவும் விடுவதில்லை, வற்றவும் விடுவதில்லை.

வீட்டில் செருகிச் சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைப்ரிட் வேறு ரகம். 2010ல் வந்த செவர்லே வோல்ட்டில் 16 யூனிட் பேட்டரி. அதே காலத்துப் பிரியஸில் 1.3 யூனிட்தான். பிளக்-இன் வண்டியில் சார்ஜ் எண் முதலில் சரசரவென இறங்கும். அடிமட்டம் வந்ததும் நம் வண்டி மாதிரியே ஏறி இறங்கி நிற்கும்.

சரி, நோய்க்கு வருவோம். நானும் பேட்டரிதான் போச்சு என்றே நினைத்திருந்தேன். ஆனால் பேட்டரி செத்திருந்தால் ஏதோ ஒரு பிளாக்கின் வோல்ட்டேஜ் தனியாகச் சரிய வேண்டும். இங்கே எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. வெப்பம்தான் ஏறிக்கொண்டே போய் 49ஐத் தொட்டது. ஃபேன் முழு வேகம். பேட்டரி சூடானால் கம்ப்யூட்டர் அதிலிருந்து எடுக்கும் கரண்ட்டைக் குறைக்கும், பாரம் எஞ்சின் தலையில் விழும்.

இத்தனை ஃபேன் ஓடியும் ஏன் குளிரவில்லை? வண்டியை ஓரங்கட்டிப் பின் சீட்டில் இருந்த துணிக் கட்டுகளை இறக்கினேன். பக்கவாட்டில் பேட்டரிக்குக் காற்று போகும் ஜன்னல். ஃபில்டரைக் கழற்றினால் தலையணைக்கு ஆகும் அளவு பஞ்சு! அத்தான் முகத்தைப் பார்க்கணுமே.

சுத்தம் செய்து திரும்பும்போது 41. ஃபீஸ் கட்டியாச்சு. துணிக் கட்டு இப்போது தனி வேனில் போகிறது.

ஆரஞ்சு நிற வயரில் மட்டும் யாரும் கை வைத்துவிடாதீர்கள். அது 200 வோல்ட் சமாச்சாரம். மானிட்டர் என் பையில்தான் இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் வேப்பமரத்தடிக்கு வண்டியோடு வாருங்கள்.