சேற்றுக்கும் பாறைக்கும் ஏற்ற காலணியும் உடையும்

(தென்காசி வட்டார உழவர்களுக்கான உரை)



விதைத் தேர்வு, உர அளவு, பூச்சி மருந்து ஆகியவை பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அவ்வளவையும் சுமந்துகொண்டு வயலில் நிற்கும் கால்களைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆகவே இன்று நீரிலும் சேற்றிலும் வழுக்குப் பாறையிலும் இறங்கி வேலை செய்வோர் எத்தகைய காலணியும் உடையும் அணிய வேண்டும் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்ததும் தென்காசி, செங்கோட்டைப் பகுதிகளில் சாரல் தொடங்குகிறது. குற்றாலத்து அருவிகளில் நீர் விழுகிறது. சிற்றாறும் அனுமன் நதியும் ஓடுகின்றன. கார் நெல்லுக்கு நாற்றுவிடுதலும் நடவும் நடைபெறுகின்றன. அது முடிந்து வடகிழக்குப் பருவமழையில் பிசானம் வந்துவிடுகிறது. இரண்டு போகம் எடுப்பவர் ஆண்டின் பெரும்பகுதியில் ஈரக்காலோடுதான் இருக்கிறார். மடை திறக்க, வாய்க்கால் பாசி எடுக்க, ஓடைக் கல்லைப் புரட்ட, குளத்தில் மீன் பிடிக்க என்று எல்லா வேலைக்கும் ஒரே வெறுங்கால்தான். அதிகமாகப் போனால் ஒரு ஹவாய்ச் செருப்பு.

"வயலுக்குள் செருப்புப் போட்டு இறங்கலாமா, அண்ணாச்சி?" என்று சில பெரியவர்கள் கேட்பதுண்டு. மண்ணைத் தொட்டு வணங்கி வெறுங்காலோடு இறங்குவது நம் மரபு. முதல் முடி நாற்றை அப்படியே நட்டு வணங்குங்கள். பிறகு காலணி அணிந்துகொண்டு வேலையைத் தொடருங்கள். உழைக்கும் காலைக் காப்பது மண்ணுக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது.

வெறுங்காலுக்கு வரும் ஐந்து கேடுகள்

முதலாவது சேற்றுப்புண். பல மணி நேரம் நீரில் ஊறிய தோல் வெளுத்து மென்மையாகிறது. விரலிடுக்கில் பூஞ்சணம் பற்றுகிறது. தோல் வெடித்துப் புண்ணாகிறது.

இரண்டாவது, குத்துக்காயம். முள், கண்ணாடித் துண்டு, நத்தை ஓடு, துருப்பிடித்த கம்பி ஆகியவை சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிறு காயமும் சீழ்பிடிக்கலாம், இரணஜன்னி வரலாம். நீரிழிவு நோய் உள்ளவர்க்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் குத்தியதே தெரியாமல் போகும்; புண் ஆறாமல் விரலையே எடுக்க நேரிடலாம்.

மூன்றாவது, எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் ஈரமண்ணிலும் இந்நோய்க் கிருமி உயிரோடிருக்கும். காலிலுள்ள கீறல், வெடிப்பு, ஊறிய தோல் வழியாக உடலில் புகுகிறது. கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு ஆகியவை அறிகுறிகள். முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பழுதும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள் கழித்தே காய்ச்சல் தொடங்குவதால் வயல் வேலைக்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று பலர் எண்ணுவதில்லை. மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பின் இந்நோய் பரவியதை நினைவில் கொள்ளுங்கள். காய்ச்சல் வந்து மருத்துவரிடம் சென்றால், "நான் வயல் நீரில் வேலை செய்தேன்" என்பதை மறவாமல் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் எளிதில் குணமாக்கலாம்.

நான்காவது, பாம்புக்கடி. கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் எலியைத் தேடி வரப்புக்கு வருகின்றன. பெரும்பாலான கடிகள் முழங்காலுக்குக் கீழேதான் விழுகின்றன.

ஐந்தாவது, வழுக்கி விழுதல். பாசி பிடித்த பாறையில் ஒரு நொடி கால் தவறினால் இடுப்பெலும்பு முறியலாம். தலை அடிபட்டு மயங்கினால் முழங்கால் ஆழ நீரிலும் மூழ்கிப் போகலாம்.

இடத்துக்கு ஒரு காலணி

எல்லா இடத்துக்கும் ஒத்துவரும் காலணி ஒன்று கிடையாது. வேலை செய்யும் தரையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரப்பு, தோட்டம், இரவில் நீர் பாய்ச்சுதல்: இதற்கு முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் கம்பூட்டே சிறந்தது. கையில் டார்ச் விளக்கும் ஒரு கம்பும் இருக்கட்டும். காலை உள்ளே விடுமுன் பூட்டைக் கவிழ்த்து நன்றாகத் தட்டுங்கள். தேளோ பாம்புக் குட்டியோ உள்ளே இருக்கலாம்.

நாற்றங்காலும் நடவு வயலும்: தொளதொளப்பான கம்பூட் உழவுச் சேற்றில் சிக்கிக் கொள்ளும்; காலை இழுத்தால் கால் மட்டும் வரும். ஜப்பானிய உழவர்கள் இதற்கென்றே மெல்லிய ரப்பரில், காலோடு ஒட்டி, கெண்டைக்காலில் வாரால் இறுக்கிக் கட்டும் நீண்ட பூட்டை அணிகின்றனர். அத்தகைய காலைப் பிடிக்கும் மென்மையான பூட் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் இறங்குமுன் காயங்களை நீர் புகாத பிளாஸ்திரியால் மூடி, பாதத்திலும் விரலிடுக்கிலும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக் கொள்ளுங்கள். ஆறாத புண் உள்ளவர் அன்று சேற்றில் இறங்காமல் கரைவேலையைப் பார்ப்பதே நல்லது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் கம்பூட் வாங்கினால் அது மடை திருப்பும் ஆணுக்குத்தான். நாள் முழுதும் குனிந்து நடவு நடுபவரும் களை பறிப்பவரும் பெண்கள். அவர்கள் காலுக்குப் பொருத்தமான அளவைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஆண் அளவுப் பூட்டைப் பெண்ணுக்குக் கொடுத்தால் அது சேற்றில் தங்கிவிடும். பிறகு பரணில் கிடக்கும்.

ஓடை, மதகு, அணைக்கட்டுப் பாறை: இங்கே ஹவாய்ச் செருப்பு மிகவும் ஆபத்தானது. குதிகால் பிடிப்பின்றி முறுக்கிக்கொள்ளும், வார் அறுந்துவிடும். கம்பூட்டும் இங்கே ஆகாது. ஓடும் நீர் அதன் வாய்க்குமேல் ஏறி உள்ளே நிரம்பினால் காலைத் தூக்கி வைக்க முடியாது, கரையேறுவதும் கடினம். குதிகாலை மூடி, கயிறோ வாரோ வைத்து இறுக்கக் கூடிய, நீர் உடனே வடிந்துவிடும் கேன்வாஸ் காலணியே ஏற்றது. அதன் அடிப்பாகம் மென்மையான ரப்பராகவும் ஆழமான வெட்டுகள் உடையதாகவும் இருக்க வேண்டும்.

தூண்டில் போடுவதற்காகக் கடற்பாறையிலும் மலையோடையிலும் நிற்பவர்கள் வெளிநாடுகளில் இழைகளை அழுத்திச் செய்த ஃபெல்ட் என்னும் தடித்த துணியை அடியில் ஒட்டிய காலணிகளை அணிகின்றனர். பாசிப் படலத்தை ஊடுருவி இழைகள் பாறையைப் பற்றிக்கொள்வதால் வழுக்கல் குறைகிறது. கடற்பாசி மண்டிய பாறைக்குச் சிறு உலோக முனைகள் பதித்த அடிப்பாகம் பயன்படுகிறது. ஆனால் ஃபெல்ட் சேற்றிலும் புல்லிலும் வழுக்கும். ஈரத்தை நெடுநேரம் வைத்திருந்து ஓர் ஓடையின் பாசியை இன்னோர் ஓடைக்குக் கொண்டு செல்லும். இதனால்தான் நியூசிலாந்து நாடு 2008-இல் ஃபெல்ட் அடிக் காலணிகளைத் தடை செய்தது. பழைய காலத்து ஜப்பானியர் வைக்கோல் கயிற்றில் பின்னிய மிதியடியோடு ஓடைப் பாறைகளில் ஏறினர். நாமும் கேன்வாஸ் காலணியின் குறுக்கே தேங்காய் நார்க் கயிற்றை இரண்டு மூன்று சுற்று இறுகக் கட்டிக்கொண்டால் பிடிப்புக் கூடும். முதலில் கரையோரக் கல்லில் நின்று சோதித்துப் பாருங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்; அப்போது வாங்குங்கள். அணிய விரும்பும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். நடக்கும்போது குதிகால் மேலெழும்பக் கூடாது. விரல்கள் முன்பக்கம் இடிக்கவும் கூடாது. பி.வி.சி. பூட்டின் விலை குறைவு; எனினும் நல்ல ரப்பர் வளைந்து கொடுக்கும், ஈரத்தரையைப் பற்றும். அடிப்பாகத்தைக் கையால் மடக்கிப் பார்த்தால் வேற்றுமை தெரியும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே தரையில் சிறிது நீர் ஊற்றச் சொல்லி அதன்மேல் நின்று பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

உடை எப்படி இருக்க வேண்டும்?

வேட்டியும் கைலியும் ஓடும் நீரில் காலைச் சுற்றிக்கொள்ளும். மதகிலோ ஓடையிலோ இறங்குபவர் அரைக்கால் சட்டை அணிவது நல்லது. வேட்டிதான் என்றால் தார்ப்பாய்ச்சிக் கட்டுங்கள். நடவுப் பெண்கள் சேலைக்குமேல் முழுக்கைச் சட்டை அணியும் வழக்கம் மிகவும் நல்லது. வெயிலையும் நெல் இலையின் அறுப்பையும் அது தடுக்கும். கனத்த பருத்தி நனைந்தால் சுமையாகும், காயவும் நேரமாகும். மெல்லிய துணியே போதும்.

வெட்சூட் எனப்படும் ரப்பர் உடையைப் பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். 1952-இல் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதனை வகுத்தார். நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரில் நுண்ணிய வாயுக் குமிழ்கள் அடைபட்டிருக்கும். அவையே வெப்பத்தைத் தடுத்துக் காக்கின்றன. உள்ளே புகும் சிறிதளவு நீர் உடற்சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே தங்குகிறது. காற்றைவிட நீர் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே குளிர்நாட்டுக் கடலில் இவ்வுடை உயிர் காக்கும். நம் குளத்துக்கும் வயலுக்கும் இது தேவையில்லை. வெயிலில் அணிந்து வேலை செய்தால் உடல் சூடேறி மயக்கம் வரும். பாறையில் சிப்பி எடுக்க நெடுநேரம் மூழ்குபவர்க்கு மட்டும், தோல் சிராய்க்காமல் இருக்க, இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய வகை உதவும். அது உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். மூச்சு விடத் தடையாகவும் இருக்கக் கூடாது. மண்டபம் பகுதியில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர்ச் செருப்புக் கட்டி, சேலைமேல் சட்டையணிந்து இறங்குகின்றனர். கையிலுள்ளதைக் கொண்டு காத்துக்கொள்ளும் அறிவு அது.

அணையிலோ பெருங்குளத்திலோ மீன் பிடிப்பவர்க்கு உடையைவிட முக்கியம் மிதவைச் சட்டை. வெட்சூட் சற்று மிதக்கும் என்றாலும் அதற்கு ஈடாகாது. கெளுத்தி மீனின் முள் குத்தினால், குத்திய இடத்தைத் தோல் பொறுக்கும் அளவு சூடான நீரில் வைத்திருந்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள்.

காலணி காப்பாற்றாத இடங்கள்

எவ்வளவு நல்ல காலணியும் வெள்ளத்தை எதிர்த்து நிற்காது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. அடிவாரத்தில் மழை இல்லாவிட்டாலும் மலைமேல் பெய்த மழை சில நிமிடங்களில் இறங்கி வரும். நீர் கலங்கினாலோ, இலைதழை மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ மண்வெட்டியை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். மண்வெட்டி வேறு வாங்கிக் கொள்ளலாம். மதகு அடைப்பை எடுக்கத் தனியாகப் போகாதீர்கள். கரையில் ஒருவர் கயிறோடு நிற்கட்டும்.

விடுமுறையில் குமரிக் கடற்கரைக்குத் தூண்டிலோடு போகும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். கறுத்து ஈரமாயிருக்கும் பாறை அலை வந்துபோகும் பாறை, அங்கே நிற்காதீர்கள். கால் மணி நேரம் அலையின் போக்கைப் பார்த்த பிறகே இடம் பிடியுங்கள். கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். காற்றில்லாத நாளிலும் 'கள்ளக்கடல்' எழும்பும். 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அவ்வாறே மாண்டனர். ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கை இருக்கும் நாளில் கடற்பக்கமே போக வேண்டாம்.

வேலை முடிந்த பின்

கால்களைச் சோப்பும் நல்ல நீரும் கொண்டு கழுவி, விரலிடுக்கு உட்பட ஈரம் போகத் துடைக்க வேண்டும். வெடிப்பையும் காயத்தையும் அன்றே பாருங்கள். பாதத்தின் அடியைக் காண முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம். சேற்றுப்புண் ஒரு வாரத்தில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். பூட்டைக் கழுவிக் குச்சியில் கவிழ்த்து நிழலில் காய வைத்தால் நெடுநாள் உழைக்கும்; வெயில் ரப்பரை வெடிக்கச் செய்யும். ரப்பர்ப் பூட்டின் ஓட்டையைச் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவதுபோல் ஒட்டிக் கொள்ளலாம்.

நினைவில் கொள்ள:

1. இரவில் வரப்புக்குக் கம்பூட், டார்ச், கம்பு.
2. ஓடும் நீருக்குக் கம்பூட்டும் ஹவாய்ச் செருப்பும் ஆகா. இறுக்கிக் கட்டும் காலணியே ஏற்றது.
3. காயத்தை மூடாமல் சேற்றில் இறங்காதீர்கள்.
4. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட காலை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.
5. காய்ச்சல் வந்தால் வயல் நீரில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த சாரல் தொடங்குமுன், விதை நெல்லுக்கும் உரத்துக்கும் பணம் ஒதுக்கும்போது, வீட்டிலுள்ள ஒவ்வொருவர் காலுக்கும் ஒரு சோடி காலணிக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். நடவு நேரத்தில் நோயில் படுத்தால் இழக்கும் நாட்களின் கூலியோடு அதன் விலையை ஒப்பிட்டுப் பார்த்தால் இது செலவாகத் தோன்றாது.