செக்ரோலில் தொடங்குங்கள்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படித்து முடித்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் இணையச் செயலி எழுதப் பழக இறங்கும்போது முதலில் வந்து நிற்பது ஒரே கேள்விதான்: எந்த ஃபிரேம்வொர்க்? ஜாங்கோவா, லாராவெலா, ரெயில்ஸா? பயனர் உள்நுழைவது, தரவைச் சேமிப்பது, படிவத்தைச் சரிபார்ப்பது, பக்கத்தைக் காட்டுவது என்று பெரும்பாலான இணையச் செயலிகளுக்குப் பொதுவான வேலைகளை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கும் மென்பொருளைத்தான் ஃபிரேம்வொர்க் என்கிறோம். இந்த மூன்றில் எதை எடுத்தாலும் பெரிய நட்டமில்லை. எதைச் செய்து பழகுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பயிற்சி நூல்களில் வழக்கமாக வருவது அன்றாட வேலைப் பட்டியல், இல்லாவிட்டால் ஒரு கற்பனைக் கடை. இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் நோர்வூட்டிலும் தலவாக்கலையிலும் இருப்பவர்கள் அவற்றை ஒதுக்கிவிட்டுத் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளரின் வருகை, எடுத்த கொழுந்து, சம்பளம் ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேட்டில், தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

ஊர்ப்பற்றால் மட்டும் இதைச் சொல்லவில்லை. பெயர்பெற்ற ஃபிரேம்வொர்க்குகள் பல பிறந்ததே கையருகே இருந்த ஒரு நிஜத் தேவையிலிருந்துதான். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜேர்னல் வேர்ல்ட் என்றொரு உள்ளூர்ப் பத்திரிகை. அங்கே ஏட்ரியன் ஹொலொவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003 இல், செய்தியறையின் அவசரத்துக்கு ஈடுகொடுக்க எழுதிய நிரல்தான் 2005 இல் ஜாங்கோ என்று வெளியே வந்தது. ரெயில்ஸ், பேஸ்கேம்ப் என்ற செயலியிலிருந்து 2004 இல் பிரித்தெடுக்கப்பட்டது. நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், நிவாரணக் கோரிக்கைகள் ஆகியவற்றைப் பதிய இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களில் பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதற்குத் துணைநின்றது. அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006 இல் பிலிப்பைன்ஸின் தெற்கு லெய்ட்டே மண்சரிவிலும் அது பயன்பட்டது. பிறகு பைத்தன் என்ற நிரல்மொழியில், வெப்டூபை என்ற ஃபிரேம்வொர்க்கின் மேல் அதைப் புதிதாக எழுதினார்கள். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் வேலைசெய்தது அந்தப் புதிய வடிவம். வெப்டூபையை உருவாக்கிய மசிமோ டி பியெரோ சிக்காகோவில் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர். மாணவருக்குக் கற்பிப்பதற்காகவே அதைத் தொடங்கினார். இவற்றில் பெரும்பாலானவற்றில் முதலில் இருந்தது செய்துமுடித்தே ஆகவேண்டிய ஒரு வேலைதான். கருவி பின்னால் வந்தது.

இனிச் செக்ரோலைப் பார்ப்போம். பெயர், திகதி, கிலோ என்று மூன்று கட்டம் போதும் போலத் தோன்றும். மலையில் ஒரு நாள் நடப்பதை நினைத்துப் பார்த்தால் அந்த மூன்றும் போதாது. கொழுந்து ஒரே தடவையில் நிறுக்கப்படுவதில்லை. காலை, பகல், பின்னேரம் என்று நிறுவை பல. ஆகவே நிறுவைக்குத் தனி அட்டவணை வேண்டும். காலையில் ஒரு மலை (கொழுந்தெடுக்கும் நிலப்பிரிவு), பின்னேரம் வேறு மலை என்று மாறுவதுண்டு. அதனால் மலை இலக்கத்தை ஆளோடு சேர்க்காமல் நிறுவையோடு சேர்க்க வேண்டும். தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று கழிவு போகும். மிஞ்சிய எடையை மட்டும் பதிந்தால் எவ்வளவு கழித்தார்கள் என்று பிறகு யாராலும் கேட்க முடியாது, எனவே நிறுத்த எடையும் கழிவும் தனித்தனியே. முழுப்பேரா (முழு நாள் சம்பளம்) அரைப்பேரா (அரை நாள் சம்பளம்) என்று தீர்மானிக்கும் கிலோ அளவும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நாட்சம்பளம் 2019 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படையாக 700 ரூபாய், 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 1000, 2024 செப்டெம்பரில் 1350. 1000 என்று நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தவர் அதை 1350 ஆக்கிய மறுநிமிடம், பழைய மாதக் கணக்குகளும் புதிய சம்பளத்தில் ஓடத் தொடங்கும். தொகையை, அது நடைமுறைக்கு வந்த திகதியோடு ஓர் அட்டவணையில் வைத்தால் இந்தக் குழப்பம் வராது. பெயரையும் நம்பியிருக்க முடியாது. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்று மாறுவது மலையகத்தில் சாதாரணம். ஆளை அடையாளம் காண ஓர் எண்தான் வேண்டும். கொழும்பிலிருந்து வரும் பொறியியலாளர் இவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் அறிய வேண்டும். கொழுந்தெடுக்கும் தாயின் பிள்ளைக்கு இது சோற்றோடு சேர்ந்து வந்த அறிவு.

அடிப்படை தெரியாமல் ஃபிரேம்வொர்க்கைத் தொடலாமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் நம் உயர்தரப் பாடத்திட்டத்திலேயே பைத்தன் இருக்கிறது, தரவுத்தள வடிவமைப்பும் தரவுத்தளத்தை வினவும் மொழியான எஸ்.கியூ.எல்லும் இருக்கின்றன, பி.எச்.பி.யை மைஎஸ்.கியூ.எல் தரவுத்தளத்தோடு இணைப்பதும் இருக்கிறது, அதுவும் தமிழ்மொழி மூலம். அதற்கு மேல் ஃபிரேம்வொர்க் இல்லாமல் வெறுங்கையால் எழுதுவதில் ஆபத்து அதிகம். பயனர் தட்டிய பெயரை அப்படியே எஸ்.கியூ.எல் வரியில் ஒட்டுபவரின் செயலி, ஒற்றை மேற்கோள் குறியுள்ள ஒரு பெயர் வந்ததுமே முறியும். தீய எண்ணம் கொண்டவர் அதே வழியால் முழு அட்டவணையையும் அழித்துவிடலாம். உதாரணமாக ஜாங்கோவை எடுத்தால், அதன் வழக்கமான வழியில் வினவினால் அந்த ஓட்டை அடைபடுகிறது. கடவுச்சொல்லையும் அது படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றித்தான் சேமிக்கிறது. அட்டவணைகளை விவரித்து முடித்ததும், பதிவுகளைச் சேர்க்கவும் திருத்தவும் ஒரு நிர்வாகப் பக்கத்தைச் சில வரிகளிலேயே தந்துவிடுகிறது. ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஜாங்கோ உங்களுக்காக எழுதும் எஸ்.கியூ.எல்லை அவ்வப்போது எடுத்து வாசியுங்கள்.

இணைய வசதி சரியில்லையே என்பார்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் ஜாங்கோ, மடிக்கணினியிலேயே எஸ்.கியூ.லைட் தரவுத்தளத்தோடு இணையமின்றி ஓடும்; அதன் கையேட்டையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் உண்மையான தடைதான், அதைச் சிறிதாக்கிப் பேச மாட்டேன். கையேட்டின் ஆங்கிலம் சிக்கனமானது, பல சொற்கள் திரும்பத் திரும்ப வரும் என்பது மட்டும் ஆறுதல். செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தருகிறதே என்பவர்களுக்கு என் பதில் இது: அரைப்பேர் என்றால் என்ன, கழிவு எங்கே மறைகிறது என்பதை அதனிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அது எழுதித் தந்தது பிழையென்றால் கண்டுபிடிக்கவும் வேண்டும்.

தோட்ட நிர்வாகம் இதை ஏற்குமா என்ற சந்தேகத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு குடும்பம் ஒவ்வொரு நிறுவையையும் பதிந்துவந்து, மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டு, ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடித்த 8 சதவீதம் சரியா என்று பார்க்க உதவினாலே அது உயிருள்ள செயலி. அடுத்துச் செய்து பழக, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் வசிப்போரின் பட்டியல் இருக்கிறது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. எந்தக் காம்பிராவில் (லய அறையில்) யார், நடக்க முடியாதவர் யார், கொழும்பில் வேலைக்குப் போயிருப்பவர் யார் என்ற பட்டியல் தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும் புதுப்பித்தபடி இருக்க வேண்டும், தோட்டத்துக்கு வெளியே ஒரு பிரதியும் இருக்க வேண்டும். இது ஆட்களின் அந்தரங்கத் தகவல். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அதனால் யார் எதைப் பார்க்கலாம் என்பதை நிரலில் முதல் நாளிலேயே எழுதிவிடுங்கள்: தன் வீட்டு விவரத்தை ஒவ்வொருவரும் பார்க்கலாம், திருத்தலாம், முழுப் பட்டியலை அனர்த்தக் குழுவில் பெயர் குறிக்கப்பட்டவர் மட்டும் திறக்கலாம், யார், எப்போது திறந்தார் என்பதும் பதிவாக வேண்டும்.